ஓட்டும் ஓலையும்

இந்தக் குறிப்புகளுக்குக் காரணம் எதிர்வீட்டு ஆயா. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து, உடைந்த ஓடுகளை மாற்ற ஆள் வைத்திருந்தது. அன்றைக்கென்று வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்தவர் தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தார்: "ஆயா, ஓட்டு இங்கதான கீது உனுக்கு?" ஆயா அண்ணாந்து கூரையைப் பார்த்து, "பழசு எரநூறு தேறும்பா, மீதி வாங்கணும்" என்றது.

தெருவே சிரித்து முடித்த பிறகு ஆயா என்னைப் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவன் என்பதால் இப்படிப்பட்ட வழக்கெல்லாம் என் திண்ணைக்குத்தான் வரும்.

"ஏன் வாத்யாரே, ஓட்டுன்றது நம்ம பேச்சா, வெள்ளக்காரன் பேச்சா?"

வெள்ளைக்காரன் பேச்சு என்றேன்.

"அப்ப அவன் வர்றதுக்கு மின்னாடி நம்ம ஊர்ல அதுக்கு இன்னா பேரு?"

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்விக்கு முழிப்பது வெட்கக்கேடு. குடவோலை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு யோசித்துப் பழைய டைரியின் காலிப் பக்கங்களில் கிறுக்கியவை இவை.

*

வோட் என்கிற ஆங்கிலச் சொல்லின் பிறந்த வீடு லத்தீன். அங்கே அதன் பெயர் வோட்டும். பொருள்: தெய்வத்திடம் நேர்ந்துகொண்டது, வேண்டுதல். அதிலிருந்து கிளைத்த பொருள் ஆசை, விருப்பம். 15ஆம் நூற்றாண்டுவாக்கில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் வந்து, இன்னார் வேண்டும், இன்னது வேண்டும் என்று சபையில் தெரிவிப்பதற்குப் பெயராகிவிட்டது.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்: சபதத்தைக் குறிக்கும் வவ், அர்ப்பணிப்பதைக் குறிக்கும் டிவோட், பக்தரைக் குறிக்கும் டிவோட்டீ. கோயில் வாசல் பலகையில் 'டிவோட்டீஸ்' வரிசையில் வரவும் என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ஓட்டு இருக்கிறது.

ரோமானியர்கள் வேண்டுதல் நிறைவேறினால் கல் நட்டு நான்கே எழுத்தில் சுருக்கி வெட்டுவார்கள். நான்கு சொற்களின் முதலெழுத்துகள் அவை. விரித்தால், வேண்டுதலை மனமுவந்து, முறைப்படி தீர்த்தான் என்று வரும். நம் பக்கம் கிராமத்து எல்லையில் மண்குதிரை செய்து வைப்பதும், வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் செய்து போடுவதும் அதே கணக்குத்தான். அருங்காட்சியகத்தில் இவற்றுக்கு மாட்டும் சீட்டில் 'வோட்டிவ்' என்று எழுதியிருக்கும்.

ஆயாவிடம் இதைச் சொன்னேன். அதற்கு ஆச்சரியமே இல்லை. "வேண்டிக்கினுதான போடறோம். பின்ன சும்மாவா போடறாங்க?"

*

சில பேர் வோட் என்பது நம் 'வாக்கு' போய் வந்தது என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை. வாக்கு வடமொழி வாக் என்பதிலிருந்து வந்தது. அதற்கு ஐரோப்பாவில் சொந்தம் உண்டு, ஆனால் அது வோட் அல்ல, குரலைக் குறிக்கும் வாய்ஸ். சட்டசபையில் 'குரல் வாக்கெடுப்பு' என்கிறார்களே, அதில்தான் வாய்ஸுக்குத் தமிழாக வைத்த குரலும் வாக்கும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன.

*

படித்தவர்கள் வோட்டு என்பார்கள். ஆயா ஓட்டு என்கிறது. யார் சொல்வது சரி?

ஆயாதான். தொல்காப்பியத்தின்படி வகர மெய் உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கு உயிரோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது. தமிழ்ச் சொல் எதுவும் 'வோ' என்று தொடங்குவதில்லை. ஆயா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. ஆனாலும் இலக்கணம் அதன் நாக்கில் இருக்கிறது. வந்த சொல்லை வாசலில் நிறுத்தி, வகரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே விட்டிருக்கிறது. என் வகுப்பில் 'வோட்டு' என்று திருத்தி எத்தனை பிள்ளைகளுக்குச் சிவப்பு மை அடித்தேனோ.

*

கழற்றி உள்ளே விட்டதும் அது ஒரு பெரிய குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டது. ஓட்டு வீடு. வண்டி ஓட்டு. திருவோட்டுச் சில்லறை. தேர்தல் சமயத்தில் கைகூப்பி நிற்கிறவர்களைப் பார்க்கும்போது இந்தக் கடைசிச் சேர்க்கை தற்செயல் என்று நம்பவே முடியவில்லை.

ஓட்டுக்கும் ஓட்டுக்கும் உள்ள பொருத்தம் ஏதன்ஸ் நகரத்துக்குப் போனால் இன்னும் முற்றும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு விநோதமான வாக்கெடுப்பு இருந்தது. ஊருக்கு ஆகாதவன் என்று நினைக்கிற பெரிய மனிதன் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். மொத்தம் 6,000 ஓடு சேர்ந்தால் மாட்டுகிறவன் பத்து வருஷம் ஊரை விட்டுப் போகவேண்டும். ஓட்டுக்குக் கிரேக்கத்தில் ஓஸ்ட்ராகோன். அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் ஆஸ்ட்ரசைஸ். அகராதிகள் தள்ளிவைத்தல் என்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் ஊர்விலக்கு.

ஆக, பூமியில் ஒரு காலத்தில் மனிதர்கள் நிஜமாகவே ஓட்டைத்தான் ஓட்டாகப் போட்டிருக்கிறார்கள்.

ஏதன்ஸ் கோட்டைக் குன்றின் வடசரிவில் ஒரு பாழுங்கிணற்றில் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர், தெமிஸ்டோகிளிஸ். கையெழுத்தைப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேர்தான் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே எழுதிவைத்து, வருகிறவன் கையில் திணிக்கிற ஏற்பாடு என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பூத் சிலிப்போடு 'நம்ம சின்னம்' என்று கையில் ஒன்றைத் திணிக்கிற தம்பிகளின் முப்பாட்டன்கள்.

*

வேட்பாளர். இந்தச் சொல்லை யார் ஆக்கினாரோ, கும்பிடவேண்டும். வேள் என்றால் விரும்பு. வேட்பு விருப்பம். வேள்வியும் அந்த வேர்தான். வேட்பு மனு என்றால் ஆசை விண்ணப்பம்.

லத்தீன்காரன் ஆசையைப் போடுகிறவன் பக்கம் வைத்தான். தமிழ் அதைக் கேட்கிறவன் பக்கம் வைத்திருக்கிறது. போடுகிறவனுக்குக் கொடுத்தது வாக்கு, அதாவது சொல். சொன்னால் மாறக்கூடாது என்கிற எடை அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லிலும் பாதியை நிற்கிறவர் எடுத்துக்கொண்டார். அவர் கொடுப்பது வாக்குறுதி, நாம் கொடுப்பது வாக்கு. உறுதி யாரிடம் இருக்கவேண்டுமோ அங்கே இல்லை என்று பக்கத்துத் தறிக்காரர் சொன்னார். இது அவர் சொன்னது, என் கணக்கில் எழுதவேண்டாம்.

இந்திக்காரர்களுக்கு ஓட்டு 'மத்', அதாவது அபிப்பிராயம். இலங்கையில் சிங்களவர்கள் சொல்வது பாலி மொழிச் 'சந்த' என்பதிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் விருப்பம், இசைவு. புத்த சங்கத்தில் கூட்டத்துக்கு வரமுடியாத பிக்கு தன் இசைவை இன்னொருவர் மூலம் சொல்லியனுப்புவார், அதற்கும் சந்தம் என்றுதான் பெயர். ரோமாபுரியில் தொடங்கியவனும் புத்த விகாரையில் தொடங்கியவனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

*

டீக்கடையில் கேட்டது: "ஓட்டுக்குத் துட்டு எவ்ளோன்னு தெரிஞ்சுதா?"

ஓட்டு லத்தீன். துட்டு, டச்சுக்காரன் கொண்டுவந்த டொய்ட் என்கிற செப்புக்காசின் பெயர். அந்த வாக்கியத்தில் 'ஓட்டுக்குத் துட்டு' என்ற இடத்தில் தமிழ் என்று பார்த்தால் நடுவில் இருக்கிற 'க்கு' மட்டும்தான். கொடுக்கல் வாங்கலுக்கான உருபு என்பதால் அதைக் கைவிடவில்லை போலும்.

சில ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியையே கோயில் நிதிக்கென்று ஏலம் விட்ட செய்தி பேப்பரில் வரும். ஏலம் போர்த்துக்கீசியச் சொல். எல்லாக் கப்பலும் நம் கரைக்கு எதையோ இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது.

*

நேற்று உத்திரமேரூர் போயிருந்தேன். மருந்து வாங்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஏறி உட்கார்ந்தேன். கல் ஜில்லென்றிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். கூட வந்த ஆசிரியை சுவரைக் காட்டி, "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க ஓட்டுப் போட்டிருக்காங்க" என்றார். பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் மேல் தப்பில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். எல்லோரும் ஓட்டு என்றுதான் சொல்கிறார்கள். சுவரில் வெட்டியிருப்பது வேறு.

முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு சாசனங்கள். ஒன்று 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. அடுத்தது 14ஆம் ஆண்டு, 921. கல்வெட்டுத் துறையினர் 1898இல் படியெடுத்தார்கள். பின்னர் கல்வெட்டறிஞர் வெங்கய்யா அவற்றைப் படித்து, மொழிபெயர்த்து வெளியிட்டார். இரண்டே வருஷத்தில் இரண்டாவது சாசனம் வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். போட்ட விதியில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள். திருத்தம் வந்தது. முதலில் வயது முப்பதிலிருந்து அறுபது. திருத்தத்தில் முப்பத்தைந்திலிருந்து எழுபது.

ஊர் 30 குடும்பு. வார்டு என்று வைத்துக்கொள்ளலாம். தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதப் படிப்பு. படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். இதற்குமுன் மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் என்றைக்குமே கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய அப்பன் வழி, தாய் வழி, மாமன், மச்சான், சகலை, மருமகன் என்று உறவைச் சுற்றி வளைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். படித்தால் மூச்சு வாங்கும். பினாமி என்கிற சொல் தமிழுக்கு வருவதற்கு முன்பே பினாமியைத் தெரிந்து வைத்திருந்தவர்கள். பிறன் பொருளைக் கவர்ந்தவன் கூடாது, பொய்ப் பத்திரம் எழுதியவன் கூடாது. அதற்குக் கல்வெட்டில் 'கூடலேகை' என்று பெயர். கழுதைமேல் ஏறியவனும் கூடாது. ஊர் முன்னால் கழுதையில் ஏற்றிய தண்டனைக்காரனாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி, குடவோலை எடுக்கிற முறை. தகுதியுள்ளவர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, மேலே குடும்பின் பெயரெழுதிய வாயோலையைக் கட்டி, முப்பது கட்டையும் குடத்தில் இடுவார்கள். சபை கூடும். சிறியவர் பெரியவர் எல்லோரும் வரவேண்டும். ஊரில் இருக்கிற நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருக்கவேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். உள்ளே என்ன என்று அறியாத ஒரு சிறு பிள்ளையைவிட்டு ஒரு கட்டை எடுக்கச் செய்வார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஒரே ஓர் ஓலை. பிள்ளை அதை மத்தியஸ்தன் கையில் கொடுக்கும். அவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாது, அதற்காக. அவர் படிப்பார். பிறகு நம்பிமார் ஒவ்வொருவராகப் படிப்பார்கள். முப்பது குடும்புக்கும் இப்படி முப்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். காலம் 360 நாள்.

ஐந்து விரல் என்று எழுதவேண்டியிருந்தது என்றால், நான்கு விரலில் யாரோ வித்தை காட்டியிருக்கிறான். அந்த ஒரு வரிக்காகவே அந்தச் சுவரைக் கும்பிடலாம்.

சரி, இதில் ஓட்டு எங்கே இருக்கிறது? யாரை வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் மனு கொடுக்கவில்லை, யாரும் கைகூப்பவில்லை. வேட்பும் இல்லை, வோட்டுமும் இல்லை. ஆசை எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வந்துவிடக் கூடாது என்றுதான் குடம், அதற்குள் கட்டு, கட்டுக்குள் ஓலை, அதை எடுக்கச் சின்னப்பிள்ளை, வாங்க விரித்த கை. இத்தனை கெடுபிடியும் விருப்பத்தை வெளியே நிறுத்துவதற்கு. இது குலுக்கல்.

குலுக்கல் என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. குலுக்கிப் பதவிக்கு ஆள் எடுப்பதுதான் ஜனநாயகத்தின் குணம், ஓட்டுப் போட்டு எடுப்பது சிலர் ஆட்சியின் குணம் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். அதனால் ஜனநாயகம் என்று யாராவது சொன்னால் பாதி வழி கூடப் போவேன். பாதி வழிதான். சதுர்வேதிமங்கலத்து பிராமண சபை அது. பெண் பெயர் குடத்தில் விழாது. அந்தக் கால் வேலியில் இறங்கி நாற்று நட்டவர் பெயரும் விழாது. ஆயாவின் முன்னோர் யார் பெயரையும் அந்த ஓலையில் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆயாவுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லாததற்கு இதுதான் காரணம் என்று மண்டபத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. அதன் கேள்வி, நம் ஊரில் ஓட்டுக்கு என்ன பெயர் என்பது. என்ன வேண்டும் என்று ஆயாவைப் போன்றவர்களைக் கேட்கிற வழக்கம் இருந்தால்தானே அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும்?

பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம்.

*

குடத்துக்கு ஆங்கிலத்தில் சரியான உறவுக்காரன் வோட் அல்ல, பேலட். இத்தாலியில் பல்லோட்டா என்றால் சின்ன உருண்டை. வெனிஸ் நகரத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268இலிருந்து ஒரு முறை வைத்திருந்தார்கள். மகாசபையில் முப்பது பேரைக் குலுக்கி எடுப்பார்கள். அவர்களை ஒன்பதாகக் குலுக்கிக் குறைப்பார்கள். ஒன்பது பேர் நாற்பது பேரைப் பொறுக்குவார்கள். நாற்பது பன்னிரண்டாகும், பன்னிரண்டு இருபத்தைந்தாகும், அது ஒன்பதாகும், நாற்பத்தைந்தாகும், பதினொன்றாகும், நாற்பத்தொன்றாகும். அந்த நாற்பத்தொரு பேர் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1797வரை இந்தக் கூத்து நடந்தது.

உருண்டைகளை எடுத்துக் கொடுக்கிறவன் தெருவிலிருந்து கூட்டிவந்த ஒரு சின்னப் பையன்.

இங்கே 921. அங்கே 1268. அங்கேயும் முப்பது, இங்கேயும் முப்பது. அங்கேயும் பிள்ளை, இங்கேயும் பிள்ளை. இங்கிருந்து அங்கே போனது என்று யாராவது கிளம்பிவிடுவார்களோ என்று பயந்துதான் இதை வகுப்பில் சொன்னதே இல்லை. பெரியவர்கள் கையை நம்ப முடியாது என்று கண்டுபிடிக்க ஒரு ஊரை இன்னொரு ஊர் காப்பியடிக்கத் தேவையில்லை.

*

குடமும் ஓலையும் சோழர் காலத்துக்கு முன்பும் உண்டு. அகநானூற்று 77ஆம் பாடலில் ஓர் உவமையாக வருகிறது. கயிற்றால் கட்டிய பானையின் முத்திரையைப் பார்த்து உடைத்து, அதிகாரிகள் ஓலையை வெளியே இழுப்பார்கள். எதற்கு உவமை? போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் வீரனின் குடலைக் கழுகு இழுப்பதற்கு. வாக்கு எண்ணிக்கை மையங்களுக்கு வெளியே நின்றவர்களுக்கு இந்த உவமையின் அருமை தெரியும்.

*

வாரியம். கல்வெட்டில் இருந்த சொல்லைக் கொண்டுவந்து போர்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்துவிட்டோம். மின்வாரியம், தேர்வு வாரியம், குடிநீர் வடிகால் வாரியம். போர்டு என்றால் பலகை. சுற்றி உட்கார்ந்து பேசுகிற மேஜையிலிருந்து அந்த மேஜையைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஆகிவந்த பெயர்.

ஏரி வாரியம் மட்டும் திரும்பி வரவில்லை. பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி இந்த ஊருக்கு உண்டு. தூர் வாரிக் கரையில் போடுவதற்குப் பொன் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆறு பேர், 360 நாள், ஏரிக்கு மட்டும். பெயரையாவது திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்.

*

கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவன். ரோமில் பதவி கேட்கிறவன் சுண்ணாம்புக் கட்டி தேய்த்து வெளுப்பாக்கிய மேலாடை போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவான். அப்படிச் சுற்றிவருவதற்கு உண்டான சொல்லிலிருந்து வந்ததுதான் ஆம்பிஷன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் ஊரை வலம் வரும்போது, அகராதியின் இரண்டு பக்கங்கள் நடந்துவருகின்றன என்று தோன்றும். சந்திரனும் இந்தக் கேண்டிடேட்டும் ஒரே வேர். பிரகாசம் என்று பொருள். தேய்பிறையும் உண்டு.

*

போல் என்றால் தலை. ஆங்கிலத்தில் பழைய பொருள் அதுதான். போலிங் என்பது தலையை எண்ணுவது. தலைவரிக்கு போல் டாக்ஸ் என்று பேர். தேரையின் குஞ்சுக்கு டாட்போல், அதாவது தேரைத்தலை. ஏரிக்கரையில் பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் பிடித்து வைத்திருப்பார்கள். நாம் அதைத் தலைப்பிரட்டை என்போம். இரண்டு மொழியும் அதன் தலையை மட்டுமே பார்த்திருக்கின்றன. எலெக்‌ஷன் டியூட்டி ட்ரெயினிங்கில் இந்த ஒரு விஷயத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்து, அதிகாரி முறைத்தார்.

*

எலெக்‌ஷன் டியூட்டி: 1996 அக்டோபர், ஊராட்சித் தேர்தல். பத்து வருஷம் கழித்து நடந்தது. ஆளுக்கு நான்கு சீட்டு. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம். கிராம ஊராட்சித் தேர்தலுக்கு இன்றைக்கும் காகிதம்தான். 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் நடந்தபோதும் காகிதம், பெட்டி, ரப்பர் முத்திரை. தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள்.

ஒரு பெரியம்மா நான்கு சீட்டையும் வாங்கி மறைவுக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. எட்டிப் பார்க்கக் கூடாது, கூப்பிடலாம். கூப்பிட்டோம். "இரு சாமி, எல்லாரும் தெரிஞ்ச பசங்களா கீறாங்க, ஒர்த்தனுக்கு போட்டா ஒர்த்தன் கோச்சுக்குவான்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எண்ணும்போது ஒரு தலைவர் சீட்டில் எல்லாச் சின்னத்திலும் பதமாக, வரிசையாக முத்திரை குத்தியிருந்தது. செல்லாத ஓட்டுக் கட்டில் சேர்த்தோம். அது பெரியம்மாவுடையதா என்று தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் லத்தீன் அர்த்தத்தில் அதைவிட முழுமையான ஓட்டை நான் பார்த்ததில்லை. எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும் என்ற வேண்டுதல்.

*

பெட்டியைப் பற்றி ஒன்று. 1937இல் சென்னை மாகாணத் தேர்தலில் கட்சிக்கு ஒரு நிறத்தில் பெட்டி. காங்கிரசுக்கு மஞ்சள். எழுதத் தெரியவேண்டாம், சீட்டைக் கொண்டுபோய் நிறம் பார்த்துப் போட்டால் போதும். என் தாத்தா சாகும்வரை ஓட்டுப் போட்டேன் என்று சொன்னதில்லை. 'மஞ்சப் பெட்டில போட்டேன்' என்பார். அவருக்குக் கொஞ்சம் நிலத்தீர்வை இருந்ததால் அந்த உரிமை. ஆத்தாவுக்கு இல்லை. 1921லேயே சென்னை சட்டசபை பெண்களுக்கு ஓட்டு என்று தீர்மானம் போட்டது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக. ஆனால் சொத்து இருக்கவேண்டும். கால் வேலி விதிக்கு வெள்ளைக்காரன் வேறு பெயர் வைத்திருந்தான், அவ்வளவுதான். ஆத்தா முதன்முதலாகப் போட்டது 1952இல்.

*

இப்போதைய மெஷினில் பட்டனை அமுக்கினால் பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரியும். 7 விநாடி. பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். ஆயா போன தடவை போட்டுவிட்டு வந்து சொன்னது: "ஓல மாதிரி தொங்கிச்சு வாத்யாரே. படிக்கறதுக்குள்ள உள்ள பூட்ச்சு."

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் படிக்கிறதுக்குள் போய்விட்டது என்றுதான் அதற்கு வருத்தம்.

*

எழுதாமல் விட்டது: பூத்து. ஆயாவுக்கு ஓட்டுச்சாவடி பூத்துதான். "பூத்து எங்க போட்டுக்கிறாங்க?" தமிழில் கேட்டால் ஏதோ மல்லிகைப் பந்தல் மாதிரி இருக்கிறது. வடக்கு ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், தற்காலிகக் குடிசை என்று பொருள். தங்குவதற்கான வினையிலிருந்து பிறந்தது. அந்த வேரை இன்னும் பின்னால் பிடித்துக்கொண்டு போனால், வடமொழியில் வீட்டுக்குச் சொல்லும் பவனத்தில் கொண்டுபோய் விடுகிறது. நம்மூர் ஓட்டல் போர்டுகளில் முதலாளி பெயருக்குப் பின்னால் வருகிற அதே பவன்.

தேர்தலன்று காலையில் முதல் ஆளாக பூத்தில் போட்டுவிட்டு, மையிட்ட விரலோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பவனில் போய் இரண்டு இட்லி ஒரு வடை சாப்பிடுவது என் முப்பது வருஷப் பழக்கம். அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.